காலாவதியான பேச்சு

என் அக்கா மகள் டிவியில் பேசினாள். இந்த ஒரு வரியை நான் யாரிடமும் மெல்லச் சொன்னதே இல்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் செல்போன் கடை. ரீசார்ஜுக்கு வந்தவரிடமும் சொன்னேன், உடைந்த கண்ணாடி மாற்ற வந்தவரிடமும் சொன்னேன், பில் கேட்டுத் திரும்ப வந்தவரிடம் இரண்டாம் முறையும் சொன்னேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சேனல் நடத்தும் பேச்சுப் போட்டி அது. அவள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைக்குப் போய்ச் சர்க்கரை கேட்க வேண்டுமென்றால் ஜாடியைக் கைகாட்டி வாங்கி வருகிற பிள்ளை. அவள் எப்படித் தேர்வில் தேறினாள், யார் பெயர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளே போய்க் கொடுத்திருக்கிறாள். சென்னையில் படப்பிடிப்புக்கு அக்காவும் நானும் கூட்டிப்போனோம். ஒளிபரப்பான அன்று எங்கள் தெருவே அக்கா வீட்டில்தான் இருந்தது. பிள்ளை மேடைக்கு வந்தாள், பேசினாள், ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

பார்க்காத ஒரே ஆள் என் மச்சான், பிள்ளையின் அப்பா.

மச்சான் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறார். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். கீழே விறகு எரியும், குழாய் வழியாகச் சூடு உள்ளே போகும், தட்டுத் தட்டாகக் காய் காயும். பறிப்புக் காலத்தில் அந்த நெருப்பை விட்டு அவர் நகர முடியாது. சூடு கொஞ்சம் ஏறினாலும் காய் பச்சை நிறத்தை இழந்துவிடும், இறங்கினால் பூசணம் பிடித்துவிடும். நிகழ்ச்சி வந்த வாரம் மலையில் பேய்மழை. மரம் சாய்ந்து கரண்டு கம்பி அறுந்து தோட்டம் முழுக்க இருட்டு. அவர் கையில் இருந்த போனில் அந்த இடத்தில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. ஸ்டோருக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதன் உச்சியில் நின்றால் பேச மட்டும் முடியும். அங்கே ஏறி நின்றுதான் மறுநாள் கூப்பிட்டார்.

"மாப்ளே, புள்ள பேசுனாளாமே. திக்காமப் பேசுனாளா?"

"ஒரு எடத்துலயும் திக்கல மச்சான். தண்ணி மாதிரிப் போச்சு."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"நான் பாக்கணும் மாப்ளே. எப்படியாச்சும் கொண்டா" என்றார்.

கொண்டா என்று மச்சான் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. அதுவும் என் தொழிலில் இருக்கிற ஒன்றை. என் மார்பு விரிந்துபோனது. "இது ஒரு சோலியா? நாளைக்கே கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அக்கா வீட்டு டிவிப் பெட்டி. டிஷ்ஷோடு வந்த பெட்டி அது, பின்னால் பென்டிரைவ் சொருகினால் நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒளிபரப்பு நேரத்தில் பதிவு போட்டுத்தான் வைத்திருந்தேன். பென்டிரைவைக் கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் செருகினேன். உள்ளே இருப்பதை என்னால் படிக்க முடியாது, அழித்துச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டது. நல்லவேளை, வேண்டாம் என்று அமுக்கினேன். வேறொரு வீட்டுப் பெட்டியில் செருகினேன், அதே சேனல், அதே கம்பெனிப் பெட்டி. அதுவும் கையை விரித்தது. எந்தப் பெட்டி பதிந்ததோ அந்தப் பெட்டி மட்டும்தான் காட்டுமாம். அந்தப் பெட்டியும் டிஷ் சிக்னல் இருந்தால்தான் வாயைத் திறக்குமாம். என் வீட்டுப் பிள்ளை, என் கரண்டு, என் பென்டிரைவ். பூட்டு மட்டும் கம்பெனிக்காரனுடையது.

அடுத்து சேனலின் ஆப். அதில் அந்த நிகழ்ச்சி முழுசாக இருந்தது. போடியில் நெட்டுக்குக் குறைச்சல் இல்லை, நானே கடையில் உட்கார்ந்து எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பிள்ளை பேசியது ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அதைத் திரையோடு பதிவு செய்கிற வித்தை எனக்குத் தெரியும், வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே காசு பார்த்திருக்கிறேன். பதிவைப் போட்டேன். முடிந்ததும் திறந்தால் அமாவாசை. படமும் இல்லை, சத்தமும் இல்லை. கறுப்புத் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று கம்பி மாட்டினேன், அங்கேயும் கறுப்பு. கடையில் நின்றவர்கள் முன்னால் நான் அந்த ஆப்பைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அக்கா வேலை முடிந்து கடைக்கு வந்தாள். ஏலக்காய் கமிஷன் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. வந்தவள் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, "இன்னொரு போன வச்சு இதப் படம் புடிச்சுக் கொண்டு போயேண்டா. இதுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செல்போன் கடை வச்சிருக்கவன் போனுக்குப் போனு படம் புடிச்சுக் கொண்டு போறதா? நடுங்கிக்கிட்டு, கோடு கோடா, ஒரு ஓரத்துல என் வெரலு தெரிய? மச்சான் மொதத் தடவயாப் பாக்கப் போறாரு. சினிமா மாதிரி இருக்கணும்" என்று கத்தினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பிறகுதான் ஆப்பிலேயே டவுன்லோடு பொத்தான் இருப்பதைப் பார்த்தேன். சந்தா கட்டினால் இறக்கிக்கொள்ளலாம். கட்டினேன். இறங்க ஆரம்பித்தது. அந்தப் பச்சைக் கோடு நிரம்ப நிரம்ப எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழுசாக இறங்கி முடிந்ததும் கடைக்கு வந்திருந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் கம்பெனிக்காரர்களை நம்புவதற்கு நான் பச்சைப்பிள்ளை இல்லை. பென்டிரைவில் ஏமாந்தவன். நெட் இருக்கிற வரைக்கும் அவன் கை என் போனுக்குள் இருக்கும், எந்த நேரத்திலும் உருவிக்கொள்வான் என்று முடிவு கட்டினேன். எங்கள் பக்கம் இதற்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்து டவர் போனைப் பிடித்துக்கொள்ளும், வருகிற அழைப்புக்கும் காசு பிடுங்கும். அதனால் மலையேறுகிற ஆள் ஜீப்பில் கால் வைத்ததும் போனை விமான மோடில் போட்டுவிடுவார். அந்தக் கட்டணமெல்லாம் ஒழிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. விரல்கள் மறக்கவில்லை. இப்போதும் முந்தல் செக்போஸ்ட்டை நெருங்கினால் ஜீப்பில் பாதிப் பேர் போனை எடுத்து ஓர் அமுக்கு அமுக்குவார்கள். நான் ஜீப்புக்கே காத்திருக்கவில்லை. இறக்கி முடித்த நொடியிலேயே கடையில் வைத்து விமான மோடில் போட்டேன். இனி அவன் கண்ணிலேயே என் போன் படாது. எப்படி என் மூளை என்று என் தோளை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை, பிள்ளையும் வருகிறேன் என்றாள். மச்சானின் தோட்டத்துக்கு வேலைக்குப் பெண்கள் போகிற விடியற்காலை ஜீப்பில் எங்களுக்கும் இடம் போட்டிருந்தேன். அந்த ஜீப் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. கடைசியாக வேலைக்காரப் பெண்களில் ஓர் அக்கா வரவேண்டியிருந்தது. மற்றவர்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியோடு, அந்த அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் சும்மா இருக்க முடியுமா?

"அக்கா, இந்தப் புள்ள டிவியில பேசுனது இந்தப் போனுக்குள்ள இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு தலைகள் என் போனுக்கு மேல் கவிழ்ந்தன. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் தோளில் ஏறினார்கள். நான் ஓட்டிவிட்டேன். தொகுப்பாளர் வந்தார், பாட்டு வந்தது, நடுவர்கள் வந்தார்கள், மற்றொரு பையன் பேசினான். பிறகு எங்கள் பிள்ளை மேடைக்கு நடந்து வந்தாள். ஜீப்பில் ஒரே கூச்சல். அவள் மைக்கைப் பிடிக்கவும், தாமதமாக வந்த அக்கா ஓடிவந்து ஏறவும், டிரைவர் இன்ஜினை முடுக்கவும் சரியாக இருந்தது. சார்ஜ் போய்விடும் என்று நான் நிறுத்திவிட்டேன்.

"அடப்பாவி, பேசறதுக்கு முன்னாடி நிறுத்திட்டியே தம்பி" என்று ஒரு அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"மொதல்ல எங்க மச்சான் பாக்கணும். அப்புறம் எல்லாருக்கும் போட்டுக் காட்டுறேன்" என்றேன்.

பிள்ளை ஜன்னல் ஓரம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மலை எங்களை ஏற விடவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், முன்னால் ஜீப்புகள் வரிசையாக நின்றன. மண் சரிந்து ஒரு மரத்தோடு ரோட்டில் கிடந்தது. திரும்பி வந்தோம். மறுநாளும் ரோடு அடைப்பு. அதற்கு அடுத்த நாளும் மாலையில்தான் திறந்தார்கள். அந்த நாட்களில் நான் அந்தப் போனைத் தொடவே இல்லை. பழைய போன் ஒன்றை வைத்துக் கடை வேலையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பேச்சு இருந்த போனை வீட்டு பீரோவில் பூட்டி வைத்தேன். மச்சான் பாறையில் ஏறி ஏறிக் கூப்பிட்டார். "ரோடு தெறந்துட்டானா மாப்ளே?" இதுதான் கேள்வி. "பத்திரமா இருக்குல்ல?" இது அடுத்த கேள்வி. "தங்கம் மாதிரி இருக்கு" என்பேன்.

ரோடு திறந்த மறுநாள் அதே ஜீப், அதே அக்காமார்கள். போட்டுக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். நான் மசியவில்லை. மழை விட்டு மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பாடலாம் போல இருந்தது, பாடவும் செய்தேன். அக்காமார்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பிள்ளை என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "மா... மாமா, அது நான் இ... இல்ல" என்றாள்.

"எது நீ இல்ல?"

"டிவியில பேசுறது. நான் அங்க நெ... நெறைய எடத்துல நின்னேன். நீ பா... பாத்தல்ல. அதெல்லாம் வெட்டிட்டாங்க."

பார்த்தேன்தான். படப்பிடிப்பு அரங்கில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் நின்ற இடத்திலெல்லாம் நான் முன் நாற்காலியை இறுக்கிப் பிடித்தேன். சேனலில் வந்தபோது அந்த இடங்கள் காணாமல் போயிருந்தன, நானும் அவற்றை மறந்துவிட ஆசைப்பட்டு மறந்துவிட்டேன். "வெட்டுனா நல்லதுதான் ஆத்தா. அப்பா சந்தோசப்படுவாருல்ல" என்றேன். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மச்சானின் முகம் மலரப் போவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். விறகுப் புகையில் வேலை செய்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் தலையைத் தடவினார்.

"அப்பா, ரோ... ரோட்டுல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ரோட்டுல கூட்டமா இருந்துச்சா?" என்று மச்சான் முடித்தார். அவள் தலையாட்டினாள்.

அவர் எப்போதும் அப்படித்தான். பிள்ளைக்கு வார்த்தை சிக்கினால் அந்த வார்த்தையை எடுத்து அவள் வாயில் வைத்துவிடுவார். அவள் கஷ்டப்படுவதைக் கண்ணால் பார்க்க அவருக்குத் தாங்காது. நாங்கள் எல்லாருமே அதைப் பார்த்து, பெற்ற மனசு என்று சொல்லிக்கொள்வோம்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் மச்சான். நான் போனை எடுத்தேன். ஆப்பைத் திறந்தேன். நிகழ்ச்சியின் படம் இருந்தது. அமுக்கினேன்.

திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. உங்கள் டவுன்லோடு காலாவதியாகிவிட்டது, நெட்டோடு இணைத்துப் புதுப்பிக்கவும்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே. போனை அணைத்துத் திறந்தேன். அதே. கீழே பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். ஒருமுறை பார்க்க ஆரம்பித்தால் நாற்பத்தெட்டு மணி நேரம், அதற்குள் பார்த்து முடிக்க வேண்டும், இல்லையேல் நெட்டில் வந்து அனுமதி கேட்க வேண்டும். ஜீப்பில் அக்காமார்களுக்கு ஓட்டிக் காட்டினேனே, அன்றைக்கே கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது. விமான மோடில் போட்டுப் பீரோவில் பூட்டிவைத்துக் கம்பெனிக்காரன் கண்ணில் படாமல் காப்பாற்றினேனே, அதனால்தான் அனுமதி புதுப்பிக்க வழியில்லாமல் செத்திருக்கிறது. போடியில் காலையில் ஒரு நிமிடம் நெட்டைத் திறந்திருந்தால் போதும்.

"என்ன மாப்ளே?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல மச்சான். கொஞ்சம் சிக்னல் காட்டணும். பாறைக்குப் போவோம்."

மூன்று பேரும் பாறைக்கு ஏறினோம். ஈரப் பாறை, இரண்டு இடத்தில் வழுக்கினேன். உச்சியில் விமான மோடை எடுத்துவிட்டுப் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கோடு வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மேற்கே திரும்பினேன், கிழக்கே திரும்பினேன், ஒற்றைக் காலில்கூட நின்று பார்த்தேன். கடைசியில் ஆப் ஒரு முடிவுக்கு வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த டவுன்லோடையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. புதிதாக இறக்கிக்கொள்ளவும் என்றது. அந்த ஒரு கோட்டு சிக்னலில் பொங்கலுக்குள் இறங்கினால் உண்டு.

போனைப் பாறையில் ஓங்கி அடிக்கக் கை தூக்கிவிட்டேன். மச்சான்தான் கையைப் பிடித்தார். "விடு மாப்ளே. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். வெள்ளைச் சட்டையில் பாசி ஒட்டியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார், நெருப்பைப் பார்க்க நேரமாகிவிட்டதாம். காசு கட்டி, நியாயமாக வாங்கி, பூப்போலக் கொண்டுவந்து, கடைசியில் அந்த மனுஷனை வெறும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்காமார்கள் பறித்த காயை எடை போட ஸ்டோருக்கு வந்தார்கள். சாக்குகளை இறக்குவதற்கு முன்பே, "பாத்தாச்சா? இப்பப் போடு தம்பி" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். என்னைவிட அதிகமாகக் கம்பெனிக்காரனைத் திட்டினார்கள். கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த வார்த்தைகளில் சில எனக்கே புதிது.

ஓர் அக்கா பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "அட, போனுல இல்லாட்டி என்ன? புள்ள இங்கதான நிக்கிது. நீயே பேசேன் ஆத்தா."

மச்சான் பதறிவிட்டார். "வேணாம்மா, வேணாம், அவளுக்குச் சிரமம்" என்று நெருப்பை விட்டு எழுந்து வந்தார். நானும் வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் பிள்ளை எடைத் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். மைக் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டாள். அக்காமார்கள் சாக்கு மேல் உட்கார்ந்தார்கள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எனக்குக் கொடுத்த த... தலைப்பு, விடியல்" என்று தொடங்கினாள். "எங்கள் ஊரில் விடியலைச் சேவல் கூ... கூவிச் சொல்வதில்லை. ஜீப்புகள் சொல்கின்றன."

அக்காமார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "ஏய், நம்மளப் பத்தியாடி!" என்று ஒருத்தி தொடையில் தட்டினாள். பிள்ளை நின்றாள், தொடர்ந்தாள், மறுபடி நின்றாள். சென்னை அரங்கில் எங்கெங்கே நின்றாளோ அங்கெல்லாம் நின்றாள், புதிதாகவும் சில இடங்களில் நின்றாள். ஹாரன் மறுபடி அடித்தது. "கொஞ்சம் பொறுக்க மாட்டியா, ஒன் ஜீப்பு எங்க ஓடிப்போகுது?" என்று உள்ளிருந்தே ஒரு குரல் போனது. டிரைவர் இறங்கி வந்து வாசலில் நின்று அவரும் கேட்க ஆரம்பித்தார்.

"நான் போர்வைக்குள் படுத்திருப்பேன். அந்த ஜீப் எங்கள் தெருவுக்குள் வரும்போது எனக்கு முதலில் கேட்பது இன்ஜின் சத்தம் இல்லை. அவர்களுடைய..."

நின்றுவிட்டாள். உதடு கூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. எனக்கு அந்த வார்த்தை தெரியும். எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "சண்டையா?" என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"பாட்டா ஆத்தா?" அதற்கும் இல்லை.

"இருமலா?"

அக்காமார்கள், "எங்களப் பாத்தா இருமுறவுக மாதிரியா இருக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தார்கள். பிள்ளை அதற்கும் இல்லை என்று தலையசைத்தாள். மச்சானிடம் வேறு வார்த்தை இல்லை. அவர் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பிள்ளையின் வாயையே பார்த்தபடி நின்றார். உண்மையிலேயே என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம் அது. அவளும் அவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"சி... சி... சிரிப்பு" என்றாள்.

பிறகு வந்த சத்தத்தில் ஸ்டோரின் தகரக்கூரை அதிர்ந்தது. சாக்கு மேல் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "ஆமா, அந்தக் கருக்கல்லயும் நாம பல்லக் காட்டிக்கிட்டுத்தான போறோம்!" என்றாள் என் முதுகில் அடித்த அக்கா. டிரைவர் கைதட்டினார். எனக்கு அடக்க முடியாத குஷி, நானும் என்னென்னவோ கத்தினேன். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பிள்ளை நின்று, மீதிப் பேச்சையும் விடாமல் பேசி முடித்தாள். டிவியில் வந்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகியிருக்கும். யாரும் எழுந்திருக்கவில்லை.

மூடுபனி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் எல்லாரையும் விரட்டினார். பிள்ளையை அக்காமார்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து முன்னால் உட்கார வைத்துக்கொண்டார்கள். நான் மச்சானிடம் விடைபெறப் போனேன்.

"வர்ற வாரம் நல்லா எறக்கிக் கொண்டாறேன் மச்சான். அதுல திக்கவே மாட்டா, பாருங்க" என்றேன்.

மச்சான் நெருப்பு வாயில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

"மூணு தடவ தப்பாச் சொன்னேன் மாப்ளே" என்றார்.

"அதனால என்ன மச்சான், உங்களுக்குத் தெரியாதுல்ல."

"அதத்தான் சொல்றேன். காலையில அவ ரோடுன்னு ஆரம்பிச்சா, நான் கூட்டமான்னு கேட்டேன். தலையாட்டுனா. ரோட்டுல என்ன இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். கூட்டமே இல்லை. சரிந்த மண்ணுக்கு மேலே அதற்குள் பச்சைப் புல் முளைத்திருந்ததைப் பிள்ளைதான் எனக்குக் காட்டினாள். வழி முழுக்க அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மச்சானிடம் அதைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த அடுத்த கட்டையைக் கீழே வைத்தார். ஜீப் புறப்படுகிற சத்தம் கேட்டது, நான் வருகிறேன் என்று கத்த வேண்டியிருந்தது.

"இத்தன வருசமா நான் தப்பு தப்பாச் சொல்லச் சொல்ல, புள்ள எத்தன தடவ தலையாட்டிருக்காளோ மாப்ளே" என்றார்.